காரைக்குடியிலிருந்து மலேசியா: கிட்டங்கித் தெருவில் தொடங்கி மற்றவர் வீதிகளுக்கும் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் மலாயா பேச்சு எழாத வீடு குறைவு. கிள்ளான், சிரம்பான், தெலுக்கான்சன், மூவார் என்று அந்த ஊர்ப்பெயர்களைப் பெரியவர்கள் தேவகோட்டைக்கு அடுத்த நிறுத்தம் மாதிரிச் சொல்வார்கள். ஐயா அங்கே கடை வைத்திருந்தார்கள், பெரியப்பச்சி மூன்று வருசக் கணக்குக்குப் போனார்கள், அந்தப் பீங்கான் ஜாடி பினாங்கிலிருந்து வந்தது என்று கதைகள் நிறைய. ஆனால் இன்று இங்கிருந்து சுற்றுலா போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவது என்ன? இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை, இரண்டு ஷாப்பிங் மால். மூன்று வேளையும் தமிழ்க் கடையில் இட்லியும் வாழையிலைச் சாப்பாடும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடிகள் என்று இத்தனை பேர் ஒரே தெருவில் வாழும் நாட்டுக்குப் போய், காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் கிடைப்பதையே சாப்பிட்டுத் திரும்புவதற்குப் பாஸ்போர்ட் எதற்கு?

நான் சொல்லும் வழி இதுதான். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நம் முன்னோர் வட்டிக்கடை வைத்திருந்த தெருக்களைத் தடமாகப் பிடித்துக்கொண்டு போங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவர்கள் கூடித் தங்கித் தொழில் செய்த கடைவீடுதான் கிட்டங்கி. ஒவ்வொரு கிட்டங்கித் தெருவிலும் எதிர்ச்சாரியில் ஒரு சீனக் கோயிலோ பள்ளிவாசலோ இருக்கும். அதற்குள்ளும் நுழைந்து பாருங்கள். கோலாலம்பூர், மலாக்கா, ஈப்போ, பினாங்கு என்ற நான்கு ஊர்களுக்கு எட்டு நாள் ஒதுக்கினால் நெரிசலில்லாமல் பார்க்கலாம்.

1. எப்போது போவது

மலேசியாவில் குளிர்காலம், கோடைக்காலம் என்று இல்லை. வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். பெரும்பாலான மாதங்களில் மாலையில் திடீரென்று கொட்டி ஓய்கிற மழையும் உண்டு. எனவே பருவத்தைவிடப் பண்டிகையைப் பார்த்துத் தேதி குறிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தைப்பூசம் என்றால் பினாங்கு. பழனிக்கு நடந்த கால்களுக்கு இது தனிச் சுவை, பின்னால் சொல்கிறேன். சீனப் புத்தாண்டுக்குக் கோயில்களும் குலச் சங்க வீடுகளும் சிவப்பு விளக்கில் மின்னும். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் சீனக் கடைகள் பல மூடிக்கிடக்கும், ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது. ரமலான் மாதத்தைப் பலரும் தவிர்க்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் சில கடைகள் மூடியிருக்கும்தான். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் ஊருக்கு ஊர் போடுகிற ரமலான் சந்தையில் கிடைக்கும் மலாய்ப் பலகாரங்கள் மற்ற மாதங்களில் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நோன்பிருப்பவர்கள் எதிரே தின்றுகொண்டு நடக்காமல் இருந்தால் போதும்.

கிழக்குக் கடற்கரைத் தீவுகளுக்குப் போக ஆசையென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் அங்கே பல விடுதிகளை மூடிவிடுவார்கள்.

2. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும்.

விசா இல்லையென்றாலும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கும் போலித் தளமாக இருக்கலாம். எங்கேயாவது கார்டு எண் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டில் வயதானவர்களையோ அதிகம் படிக்காதவர்களையோ அழைத்துப் போகிறீர்களா? அவர்கள் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகையா என்று பாருங்கள். அந்த வகைக்குக் குடியகல்வுச் சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. சுற்றுலாவுக்குத் தடையில்லை, ஆனால் வேலைக்குத்தான் போகிறாரோ என்ற சந்தேகத்தில் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கையில் இருக்கும் பணத்துக்குக் கணக்கு ஆகியவற்றை அச்சிட்டே எடுத்துப் போங்கள். போன் சார்ஜ் இல்லாமல் வரிசையில் தவிக்க வேண்டாம்.

3. திருச்சியில் ஏறுவதற்கு முன்

சென்னைக்குப் போகத் தேவையே இல்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவும் பாட்டிக் ஏரும் நேராகப் பறக்கின்றன, பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் காரைக்குடிக்காரர்களுக்குத் திருச்சி ஊருக்குள் நுழையும் வேலையும் கிடையாது.

பெட்டியில் என்ன வைப்பது? சொந்தக்காரர்களுக்கு மணகோலமும் சீப்புச்சீடையும் கொண்டு போகலாம். கசகசா சேர்த்த மசாலாப் பொடியை விட்டுவிட்டுப் போங்கள். குருமாவுக்கு நமக்கு அது சாதாரணம். ஆனால் சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அந்த வழியாகத் திரும்ப நினைப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. யாராவது 'இந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும் அங்கே ஒருத்தர் வாங்கிக்குவார்' என்று நீட்டினால், அவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது.

அங்கே மின்சாரப் பொருத்திகள் சதுரமான மூன்று கால் வகை, நம் சார்ஜர் நேராக நுழையாது. இங்கேயே ஒரு மாற்றுப் பொருத்தி வாங்கிவிடுங்கள். ரிங்கிட் ஏறத்தாழ இருபது ரூபாய், ஏறும் இறங்கும். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை ஊருக்குள் பணம் மாற்றும் கடைகளில் மாற்றுங்கள். அவற்றில் பல தமிழ் முஸ்லிம்களின் கடைகள். விலையும் நன்றாக இருக்கும், வழியும் கேட்டுக்கொள்ளலாம். விடுதியில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

4. கோலாலம்பூர்: ஒரு காலை, ஒரு தெரு

விமான நிலையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் அரைமணிதான், ஆனால் தலைக்கு 55 ரிங்கிட். குடும்பமாகப் போனால் பஸ்ஸோ, போன் செயலியில் கூப்பிடும் கிராப் காரோ கட்டுப்படியாகும். ஊருக்குள் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், கடிகாரத்தை மாற்ற மறக்க வேண்டாம்.

மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909இல் எழுந்த பள்ளிவாசல் அது. கோலாலம்பூரே அந்தக் கூடுதுறைச் சேற்றில் பிறந்ததுதான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லெபோ அம்பாங், ஒரு காலத்தில் அங்குள்ளவர்கள் வாயில் 'செட்டித் தெரு'. முன்புறம் குறுகி, உள்ளே நீளமாகப் போகும் கடைவீடுகள்தான் கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல கடைகளின் மேசைப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். இரவானால் அதே இடத்தில் பாய். சமையலுக்குப் பொதுவாக ஒரு ஆள். பெண்டுபிள்ளைகள் எல்லாம் ஊரில். இன்று கீழே வேறு கடைகள் வந்துவிட்டன, நிமிர்ந்து மேல்மாடிச் சன்னல்களைப் பார்த்தால்தான் பழையது தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 'மலேசியாவே நம்ம பணத்துல வளர்ந்தது' என்று மார்தட்டுகிற பேச்சு நம் பக்கம் அதிகம். அதைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். ரப்பர்த் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் லேவாதேவிப் பணம் போனது உண்மை. அதே நேரம் மலாய் விவசாயிகளின் நிலம் அடமானத்தில் கைமாறிவிடுமோ என்ற கவலையும் 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. இன்று அங்கே நீங்கள் சந்திக்கும் தமிழர்களில் பெரும்பாலோர், கங்காணி மூலம் கப்பலேறி ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களிடம் போய் ஐயாவின் சொத்துக் கணக்கைச் சொல்லாதீர்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள் என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

தெற்கே நடந்தால் 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மகாமாரியம்மன் கோயில். அதன் எதிர்ச்சாரியிலேயே சீனர்களின் குவான் தி கோயில் இருக்கிறது. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கார் பிடிக்கிறவர்கள் அதிகம். பத்தடி நடந்து அங்கேயும் நுழையுங்கள். செருப்போடு போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சுருள் சுருளாக மேலே தொங்கும் ஊதுவத்தி பல மணி நேரம் எரியும். சாம்பல் மேலே விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பத்துமலைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு. 272 படி. 2018இல் அடித்த வானவில் வண்ணம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அடிவாரத்து முருகன் 42.7 மீட்டர். 2006இல் திறந்தபோது உலகிலேயே உயரமான முருகன் அவர்தான், இப்போது நம் சேலம் முத்துமலை முருகன் முந்திவிட்டார். முழங்கால் தெரியும் உடையென்றால் ஏற விடமாட்டார்கள். பூவையும் பழத்தையும் கையில் வெளியே தெரிய வைத்திருந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

5. மலாக்கா: செட்டி என்றால் நாம் மட்டும் இல்லை

கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். ஓரிரவு தங்குங்கள். சிவப்புக் கட்டடங்கள், போர்த்துக்கீசியர் கோட்டை வாசல், 1753இல் டச்சுக்காரர் கட்டி முடித்த தேவாலயம் எல்லாம் எந்தப் பயணக் கட்டுரையிலும் இருக்கும். அவற்றை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுத் துக்காங் எமாஸ் சாலைக்கு வாருங்கள்.

1645இல் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயில், 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயில் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. பள்ளிவாசலின் கோபுரத்தைப் பாருங்கள். அரபு நாட்டு மினாராக இல்லாமல் சீன அடுக்குக் கோபுரம் மாதிரி உயர்ந்திருக்கும், கூரை சாவக வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள் மலாக்கா செட்டிகள். பெயரில் செட்டி இருந்தாலும் நகரத்தார் இல்லை. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்னும் மலாய் மேல்சட்டை, கும்பிடுவது மாரியம்மனை. பின்னாளில் அந்தக் கோயிலின் நிர்வாகம் நகரத்தார் கைக்கு வந்தது. நகரை ஒட்டிய காஜா பெராங் பகுதியில் அவர்கள் குடியிருப்பும் சிறிய காட்சியகமும் இருக்கின்றன. தமிழில் பேசினால் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் வரும். கோபித்துக்கொள்ளக் கூடாது, ஐந்நூறு வருடம் பெரிய இடைவெளி.

வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை. கூட்டம் தாங்காதவர்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டுப் போய்விடலாம்.

6. சாப்பாடு: இதற்காகத்தான் போகிறோம்

முதலில் பிழைப்புக்கு வேண்டிய சொற்கள். ஆயாம் கோழி, ஈக்கான் மீன், ஊடாங் இறால், கம்பிங் ஆடு, தெலுர் முட்டை, சாயுர் காய்கறி. டாகிங் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. பாபி என்றால் பன்றி. பார்சலுக்கு பூங்குஸ். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் 'கூராங் மானிஸ்'. இதை முதல் நாளே கற்றுக்கொள்ளாவிட்டால் டீயில் கரண்டி நிற்கும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'சம்பால்' என்ற சிவப்புத் துவையல் அங்கே எல்லாவற்றிலும் வரும். அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது பெரும்பாலும் இருக்கும். நாசி லெமாக் வெறும் தேங்காய்ப்பால் சோறுதானே என்று வாங்கினால் ஓரத்தில் நெத்திலி சிரிக்கும். நம்பிச் சாப்பிட வேண்டுமானால் சீனர் நடத்தும் பௌத்த சைவக் கடைகளைத் தேடுங்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் அவற்றில் உண்டு. நம் பெரியவர்கள் பலருக்கு அங்கேயுள்ள தமிழ் சைவக் கடையைவிட அது பிடித்துப்போகிறது.

அசைவர்களுக்கு மாமாக் கடை கல்யாண வீடு. தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை, பல இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். சீனப் பையனும் மலாய்ப் பெண்ணும்கூடப் பரிமாறுபவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ரொட்டி சானாய், தே தாரிக். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பிதான், ஆனால் சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு.

நாசி கண்டார் தனி அத்தியாயம். தோளில் காவடிக் கம்பு போட்டு ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகப் பினாங்குத் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம்கள் விற்றுத் தொடங்கியது. ஹமீதியா கடை 1907 முதல் ஓடுகிறது. வரிசையில் நின்று, தட்டில் சோறு வாங்கி, பொரித்த கோழி, கணவாய், வெண்டைக்காய் என்று கை காட்ட வேண்டும். கடைசியில் அண்ணன் கரண்டியை எடுப்பார். கோழிக் குழம்பில் ஒன்று, மீன் குழம்பில் ஒன்று, ஆட்டுக்கறியில் ஒன்று, கெட்டியான கறுத்த மசாலாவில் ஒன்று என்று சோற்றின் மேலேயே ஊற்றுவார். 'பாஞ்சிர்' என்று சொன்னால் வெள்ளமாகவே ஊற்றுவார். குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு என்று பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்த நமக்குக் கை தயங்கும். பொறுத்துக்கொண்டு நான்கு வாய் சாப்பிடுங்கள். தனித்தனிக் குழம்பாக அது சுமார்தான், நம்மூர் மிளகுக் காரம் அதில் கிடையாது. கலந்த இடத்தில்தான் ருசி. மாட்டுக் குழம்பும் அந்த வரிசையில் இருக்கும், வேண்டாதவர்கள் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பினாங்கு அசாம் லக்சாவைத் தவறவிடாதீர்கள். மீனை வேகவைத்து உதிர்த்த புளிப்புச் சாறு, தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, கறுப்பு இறால் விழுது ஒரு கரண்டி. தேங்காய்ப்பால் கிடையாது. மீன் புளிக்குழம்பு பிடித்தவர்களுக்கு இரண்டாவது வாயில் பிடிபட்டுவிடும், மற்றவர்களுக்கு மூன்றாவது கிண்ணத்தில்.

செட்டிநாட்டுக்காரர் கட்டாயம் தேட வேண்டியது 'பூலூட் ஹித்தாம்'. நம் கவுனி அரிசிதான் அது. கல்யாணப் பந்தியில் நாம் வேகவைத்துச் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் போட்டுக் கிளறி வைக்கிறோம். அவர்கள் அதையே கஞ்சியாகக் கரையவிட்டு, ரம்பை இலை போட்டுக் கொதிக்கவைத்து, மேலே உப்பிட்ட தேங்காய்ப்பாலை ஊற்றித் தருகிறார்கள். கரண்டியை விட்டால் கருஞ்சிவப்பின் நடுவே வெள்ளைக் கோடு விழும். இனிப்பின் மேல் அந்த உப்பு ஏறும்போது, நம் கவுனிக்கு ஒரு சிட்டிகை போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஊருக்கு வந்து போட்டேன். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இடியாப்பம் அங்கே 'புட்டு மாயம்' ஆகி வெல்லத்தோடு சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும். டுரியான் பழத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. ஒன்று பிடிக்கும், இல்லை பிடிக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல பருவம். விடுதி அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

7. மலையும் காடும்

எட்டு நாளில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. ஈப்போவில் ஒரு இரவு தங்கினால் சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் குடைந்த சீனக் குகைக் கோயில்களைப் பார்க்கலாம், வெள்ளைக் காப்பி குடிக்கலாம். கேமரன் மலைக்கு அங்கிருந்து பஸ் உண்டு. தேயிலைச் சரிவுகள் அழகுதான், ஆனால் மூணாறும் ஊட்டியும் பார்த்தவர்கள் மலைத்துப்போக ஒன்றுமில்லை. சனி, ஞாயிறில் போக்குவரத்து நெரிசலில் பாதி நாள் போய்விடும். பெரியவர்களோடு போகிறீர்களென்றால் அதை விட்டுவிட்டுப் பினாங்குக் கொடிமலைக்குப் போங்கள். 1923 முதல் ஓடும் மலை ரயில் சில நிமிடங்களில் உச்சியில் விட்டுவிடும். காடு வேண்டும் என்பவர்களுக்குத் தாமான் நெகாரா தேசியப் பூங்கா. அதற்குத் தனியாக மூன்று நாள் வேண்டும்.

சபா, சரவாக் என்னும் போர்னியோ மாநிலங்கள் வேறு உலகம். 4,095 மீட்டர் கினபாலு மலை அங்கேதான். அவற்றுக்கு வேறொரு பயணம் வையுங்கள். கோலாலம்பூரிலிருந்து போனாலும் அங்கே பாஸ்போர்ட்டைத் தனியாகக் காட்ட வேண்டும்.

8. பினாங்கு: மூன்று நாள் குறையாமல்

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், ஈப்போ வழியில் வரும். நிலையத்திலிருந்தே மேம்பால நடைபாதையில் போய்ப் படகு பிடிக்கலாம். பாலத்தில் காரில் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், ஆனால் பெரியவர்கள் பினாங்கைப் பார்த்தது கடலிலிருந்துதான்.

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தன. ஒரே சாலையிலும் அதை ஒட்டியும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடக்கும் தூரத்தில். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்காவும் உண்டு. பள்ளிவாசலில் பெண்களுக்கு அங்கியும் முக்காடும் அங்கேயே தருவார்கள், தொழுகை நேரம் மட்டும் உள்ளே போகக் கூடாது.

பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோயில் வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில் முருகன் வெள்ளி ரதத்தில் இங்கிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறார். அங்கே 1857இல் எழுந்த நகரத்தார் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மயில்பீலிக் காவடியும் ஆட்டமும் அப்படியே குன்றக்குடியைக் கொண்டுவந்து வைத்தது போலிருக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது சாலையோரத்தை. சீனர்கள் ஆளுயரத்துக்குத் தேங்காய் குவித்து, ஊதுவத்தி குத்திவைத்து, ரதம் வரும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் அடிப்பார்கள். ஓட்டுச் சில் தெறிக்கும், முன்வரிசையில் நிற்காதீர்கள். பின்னாலேயே மண்வாரி இயந்திரம் வந்து சில்லுகளை அள்ளிக்கொண்டு போகும். பக்கத்தில் இன்னும் 513 படி ஏறினால் மலைமேல் பாலதண்டாயுதபாணி. அந்தக் கோயிலுக்கு 2017 முதல் தங்க ரதமும் உண்டு.

தைப்பூசம் இல்லாத நாட்களிலும் தண்ணீர்மலைக் கோயில் மண்டபத்தில் கொஞ்சம் உட்காருங்கள். தேக்கும் பளிங்கும் பார்த்த கண்ணுக்குப் பழகியவை. அதே கண்ணோடு கூ கொங்சிக்குப் போங்கள். கூ குலத்துச் சீனர்களின் சங்க வீடு அது. பழையது தீயில் போய், இப்போதுள்ளதை 1906இல் முடித்தார்கள். ஒரே குலப்பெயர், பொதுக் கோயில், பொதுச் சொத்து, குலத்துப் பிள்ளைகள் படிப்புக்கு உதவி, சுவர் நிறைய முன்னோர் பெயர்ப் பலகைகள். குலப் பிரிவுக்கு ஒன்றாக ஒன்பது நகரக் கோயிலும், மணமான குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கும் தெரிந்த நமக்கு வழிகாட்டி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. எழுதியிருப்பதுதான் வேறு மொழி.

பிறகு பெரானாக்கான் மாளிகை. சீனரும் உள்ளூர்ப் பண்பாடும் கலந்த பாபா நோன்யாக்களின் செல்வத்தைக் காட்டும் வீடு. ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண், இங்கிலாந்து தரை ஓடு, சீன மரச் செதுக்கல். நடுவே திறந்த முற்றம். மழை பெய்யும் நேரத்தில் அங்கே இருந்தால் நகராதீர்கள். கூரை விளிம்பிலிருந்து நீர் வரிசையாக இறங்கி முற்றத்துக் கல்லில் விழும், ஒரு மூலையில் வடிந்து போகும். கானாடுகாத்தானில் வளவில் உட்கார்ந்து இதைத்தானே பார்த்தோம் என்று தோன்றும். இரண்டு ஊர்ப் பணக்காரர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கடல் கடந்த பொருளைத் தருவித்து, மழையை மட்டும் தங்கள் ஊர் முறைப்படியே வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.

9. பழக வேண்டியவை

கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால், அது நமக்குத் தெரிந்ததுதான். ஆட்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் திசை காட்டுங்கள். மலாய்ப் பெண்களிடம் ஆண்கள் முதலில் கை நீட்ட வேண்டாம், நெஞ்சில் கை வைத்தால் போதும். வயதில் மூத்த கடைக்காரர் எந்த இனமானாலும் அங்கிள், ஆன்ட்டி. உணவங்காடியில் சீனக் கடையில் வாங்கியதை முஸ்லிம் கடை மேசையில் வைத்துச் சாப்பிடாதீர்கள், பன்றி விஷயத்தில் அவர்களுக்குச் சங்கடம். வெள்ளி மதியம் அரசு அலுவலகங்களும் முஸ்லிம் கடைகள் சிலவும் தொழுகைக்கு மூடும். அரசர், மதம், இனம் பற்றிய விவாதத்தை அவர்கள் தொடங்கினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். தீபாவளி, பெருநாள் சமயத்தில் யாராவது 'ஓபன் ஹவுஸ்' என்று வீட்டுக்கு அழைத்தால் வேறு திட்டத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம், நம் மணகோலப் பொட்டலம் ஒன்றை அதற்கென்றே மிச்சம் வையுங்கள்.

10. திரும்பும்போது

வாங்கத் தகுந்தவை வெள்ளைக் காப்பித் தூள், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம், ஜாதிக்காய் ஊறல், பாத்திக் துணி. பெலாச்சானை மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம். டுரியான் பழத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், மிட்டாயாக வாங்கலாம்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்குக் காத்திருக்கும் வரிசையில் யாராவது நட்பாகப் பேசி, ஒரு சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனால் டிக்கெட் காசு தருவதாகச் சொல்லலாம். 'குருவி' வேலை அது, அதாவது தங்கக் கடத்தல். திருச்சிச் சுங்கத்தாருக்கு இந்த விமானத்தில் வருகிறவர்கள் எல்லோர் முகமும் பழக்கம். உங்கள் சொந்த நகையாக இருந்தால், போகும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்திருங்கள். வெளியே வந்ததும் காரைக்குடிக்கு வாடகைக் கார் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் விலையை ஒத்துக்கொள்ள வேண்டாம். பகல் நேரமென்றால் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் புதுக்கோட்டை பஸ் கிடைக்கும்.